தொண்டை வரை வந்த விரால்

முசிறியில் மாமனார் வீட்டுக் கூடம். தலை ஆடி விருந்து. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

காவிரியில் அந்த வாரம்தான் புதுத் தண்ணீர் வந்திருந்தது. செக்கச் செவேல் என்று ஓடியது. அந்தச் சேற்று வாசனை வீட்டுக்குள் வரை இருந்தது. அதற்கு மேல் புளி, வெந்தயம், மீன் கொதிக்கும் வாசனை.

மாமனாருக்கு மீன்தான் தொழில். ஆற்று மடுவில் வலை போடுவார். அன்றைக்கு முன்தினம் பிடித்ததில் பெரிய விராலை விற்காமல் எனக்கென்று வைத்திருந்தார். விரால் பானைத் தண்ணீரில் உயிரோடு கிடக்கும். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் போனபோது அடுக்களை மூலையில் அந்தப் பானை இருந்தது. மேலே மூடி. மூடிமேல் கல். உள்ளே அது வாலால் அடிக்கும் சத்தம் கேட்டது.

குழம்பு வைத்தது மாமியார். பரிமாறியது மாமனார். மற்ற நாளில் அவர் கரண்டி தொட மாட்டாராம். அஞ்சலை பிறகு சொன்னாள். அஞ்சலை என் மனைவி. கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகவில்லை.

நடுத்துண்டை இலையில் வைத்தார்.

“சாப்பிடுங்க மாப்ள. முள்ளு கிடையாது. வெண்ணெயாட்டம் இருக்கும்.”

பிட்டேன். சோற்றோடு சேர்த்து வாயில் வைத்தேன். ருசி தெரிந்தது. நல்ல ருசி. விழுங்கப் போனேன். போகவில்லை.

தண்ணீர் குடித்தேன். தண்ணீர் போயிற்று. மீன் வாயிலேயே நின்றது.

பக்கத்து இலையில் அஞ்சலையின் அண்ணன் வடிவேலு.

“என்ன மச்சான், மீனு உசுரோட இருக்கா? உள்ள போக மாட்டேங்குதா?” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

எழுந்து கொல்லைக்குப் போய்த் துப்பினேன். வாய் கொப்பளித்தேன். திரும்பி வந்து அதே இலையில் உட்கார்ந்தேன். அதுதான் பெரிய அவமரியாதை என்று பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரியாது. பசி இருந்தது. ரசம் ஊற்றச் சொன்னேன்.

மாமியார் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

“உப்பு கூடிப் போச்சுங்களா?”

“இல்ல அத்தை. நல்லா இருக்கு.”

“பின்னே?”

“நான் சாப்பிடறதில்ல.”

சிரிப்பு நின்றது. மாமனார் கரண்டியோடு நின்றார்.

“எப்பலேர்ந்து?”

யோசித்தேன். உண்மையைச் சொன்னேன்.

“தெரியல மாமா.”

காரணம் உள்ளவர்கள்

பத்திரிகையில் இந்தத் தொடரை எழுதச் சொன்ன தம்பி, “நீங்க எப்படிச் சைவமா மாறினீங்க, அதையும் எழுதுங்க, படிக்கிறவங்களுக்குப் பயன்படும்” என்றார். பயன்படுமா தெரியவில்லை. நான் மாறவில்லை. ஒருநாள் பார்த்தபோது மாறியிருந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். மகன் அம்மை கண்டு பிழைத்தான். அன்றோடு கறியை விட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விசேஷ வீட்டில் அவருக்கு ஓரமாகத் தனி இலை போட்டார்கள். மரியாதைகூடக் கூடியது. அவரிடம் ஒரு காரணம் இருந்தது. வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் அதைச் சொல்ல முடிந்தது.

எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. நேர்ந்துகொள்ளவில்லை. கனவு வரவில்லை. ஆட்டைப் பார்த்து ஐயோ பாவம் என்று நினைத்ததும் இல்லை.

சின்ன வயதில் கறி என்றால் தீபாவளி. இல்லாவிட்டால் குலசாமிக்குக் கிடா வெட்டு. அப்பா துண்டுகளை எண்ணித்தான் வைப்பார். என் தட்டில் எலும்பு விழுந்தால் அதை உறிஞ்சி, தரையில் தட்டி, மறுபடி உறிஞ்சுவேன். அம்மா, “விட்றா, எலும்பு அழுவுது” என்பாள்.

அப்படி உறிஞ்சியவன்தான் நான். அதனால்தான் எனக்கே புரியவில்லை.

தோட்டத்து வேலை

மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அங்கே இங்கே கூலி வேலை செய்தேன். மீசை அரும்பும் வயதில் ஸ்ரீரங்கத்தில் வேலை கிடைத்தது. கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு நந்தவனம். பெருமாளுக்குப் போகும் துளசியும் பூவும் அங்கே வளர்ந்தன.

எனக்கு மண் வேலை. பாத்தி கட்டுவது, களை எடுப்பது, மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைப்பது. பறிப்பதும் தொடுப்பதும் வேறு ஆட்கள். அவர்கள் விடியலில் வந்து பூக்குடலையை நிரப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் நாளெல்லாம் நானும் மாடுகளும்தான்.

தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு வயதான ஐயங்கார். சாமி என்று கூப்பிடுவேன். சேர்ந்த அன்று சொன்னார்.

“இதோ பாருடாப்பா. இது பெருமாளுக்குச் சாத்தற புஷ்பம். மோந்து பாக்கப்படாது. காலால தாண்டப்படாது. புலால் கூடாது. சம்மதம்னா மண்வெட்டியை எடு.”

எடுத்தேன். வேலை வேண்டும். வேறு யோசனை இல்லை.

முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது. மாதத்தில் ஒருநாள் லீவு. காவிரிப் பாலம் தாண்டி டவுனுக்கு நடப்பேன். கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பாய் கடை. வாழை இலையில் பிரியாணி வைப்பார். சாப்பிட்டுவிட்டுக் காவிரியில் முங்கிக் குளிப்பேன். வெற்றிலை போடுவேன். அப்புறம்தான் தோட்டத்துக்குள் காலை வைப்பேன். குளித்துவிட்டால் சரி என்று நானே வைத்துக்கொண்ட சட்டம்.

ஒரு லீவுக்கு மழை. போகவில்லை. ஒரு லீவுக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மா கீரை கடைந்திருந்தாள். ஒரு லீவுக்குச் சினிமா. இப்படிப் போகாத லீவுகள் கூடிக்கொண்டே வந்தன. எந்தத் தடவை கடைசித் தடவை என்று தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் கவனித்துச் சாப்பிட்டிருப்பேன்.

வருஷங்கள் போயின. நான் கறி சாப்பிடாதவன் என்று எனக்கே தெரியாது. யாராவது கேட்டிருந்தால், சாப்பிடுவேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கல்யாணப் பேச்சில் கேட்கத்தான் கேட்டார்கள். தரகர் முந்திக்கொண்டார். “தோட்டத்துக்குள்ள ஆக்கக் கூடாதுங்க. அவ்வளவுதான். வெளியே வந்தா மாப்ள ஒரு கை பாத்துருவாரு.” எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

கல்யாணச் சாப்பாடு சைவம். மறுவீட்டு விருந்து அமாவாசையில் விழுந்தது. அதுவும் சைவம். தோட்டத்து மூலையில் ஓட்டுக் கொட்டகையில் குடித்தனம் வைத்தோம். அஞ்சலை சாம்பார் வைப்பாள். கூட்டு வைப்பாள். சில நாள் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

“ஆடிக்கு எங்கூருக்குப் போயி ஒரு புடி புடிக்கணும்.”

“ஆமாம்” என்பேன்.

அப்படித்தான் அந்த விராலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

ஆவணி பிறந்தது

ஆடியில் புதுப்பெண் தாய்வீட்டில் இருக்க வேண்டும். ஆவணி பிறந்ததும் கொண்டுவந்து விடுவார்கள். ஆவணி பிறந்தது. யாரும் வரவில்லை. நானே போனேன்.

மாமனார் வாசலில் வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“வாங்க” என்றார். உட்காரச் சொல்லவில்லை.

“அஞ்சலையக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“எங்க?”

“வீட்டுக்குத்தான் மாமா.”

“எம்மக மீனு கழுவுன தண்ணியில வளந்தவ. நான் எங் கையால வெச்ச சோறு உங்களுக்குத் தொண்டையில எறங்கல. நாளைக்கு அவ கைச்சோறு மட்டும் எறங்குமா?”

“எறங்குதே மாமா. தெனம் அதானே சாப்பிட்டேன்.”

“அது சாம்பாரு” என்றார்.



வடிவேலு திண்டில் சாய்ந்துகொண்டு யோசனை சொன்னான். “அந்தத் தோட்டத்து வேலைய விட்ருங்க மச்சான். காந்தி மார்க்கெட்ல வாழைத்தார் எறக்க ஆளு கேக்குறாங்க. நாலு நாள் தாரு தூக்கினா தன்னால பசிக்கும். பசிச்சா தன்னால எறங்கும். விரால் என்ன, வலையையே முழுங்குவீங்க.”

மாமனார் ஊசியைக் கீழே வைத்தார்.

“வேலைய விட்டுட்டு வாங்க. எம் முன்னால ஒரு வாய் சாப்பிடுங்க. அன்னிக்கே அனுப்பறேன். இல்லேன்னா தலைத் தீபாவளிக்கு முன்னாடி பெரியவங்கள வெச்சுப் பேசிக்கலாம்.”

பெரியவர்களை வைத்துப் பேசுவது என்றால் தீர்த்துவிடுவது. தாலியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போ என்பது. அது எனக்குப் புரிந்தது.

கொல்லை வழியாகத் திரும்பினேன். அஞ்சலை கிணற்றடியில் நின்றாள்.

“என்னையப் புடிக்கலையா உங்களுக்கு?”

“புடிக்குது.”

“பின்னே ஏன்?”

“தெரியல.”

“தெரியல தெரியலன்னா நான் எங்கப்பாகிட்ட என்னத்தச் சொல்றது? வயித்துவலின்னு சொல்லுங்க. வேண்டுதல்னு சொல்லுங்க. ஏதாச்சும் ஒண்ணச் சொல்லித் தொலைங்களேன்.”

“பொய்யில்ல?”

“பொய்னா பொய். வீடு போய்ச் சேரலாமில்ல?”

எனக்குப் பொய் வரவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. வேண்டுதல் என்றால் எந்தச் சாமிக்கு என்பார்கள். எதுக்கு என்பார்கள். இரண்டாவது கேள்விக்கே மாட்டிக்கொள்வேன்.

முசிறி பஸ் குணசீலம் தாண்டுகிறவரை அவள் முகம்தான். எனக்கு அவள் வேண்டும். அதில் குழப்பம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் குழப்பம்.

சாமியிடம் போனேன்

மறுநாள் சாமி துளசியில் பழுத்த இலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன்.

“சாமி, வேலைய விட்டுடறேன்.”

“என்னடா குறை நோக்கு?”

“கறி சாப்பிடணும் சாமி.”

அவர் இலையைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

“சாப்பிடேன். யார் வேண்டாம்னா?”

விழித்தேன். “நீங்கதான் சாமி. சேந்த அன்னிக்கு.”

“தோட்டத்துக்குள்ளே கூடாதுன்னுதானே சொன்னேன். லீவு நாள்ல டவுனுக்குப் போயிட்டு, வெத்தலையைக் குதப்பிண்டு, ஈரத்தலையோட வந்து நிப்பியே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியோ?”

“அதெல்லாம் விட்டு வருஷமாச்சு சாமி.”

“ஏன் விட்டே?”

“தெரியல.”

சாமி நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் குழப்பம் வந்துவிட்டது.

“நான் விடச் சொல்லலையேடா” என்றார். குரல் கொஞ்சம் பயந்தது போல இருந்தது. “உங்க மனுஷா யாராவது வந்து என்னைக் கேக்கப் போறா.”

“கேப்பாங்க சாமி.”

“அப்போ இன்னிக்கே போயிட்டு வா. சாப்பிட்டுட்டு, ஸ்நானம் பண்ணிட்டு உள்ளே வா. வேலையை ஏன் விடறே? மாட்டுக்கு யார் தண்ணி காட்டறது, நானா?”

அதுவரை, சாமி சொன்னதால்தான் விட்டேன் என்று மனசின் ஒரு மூலையில் வைத்திருந்தேன். யாராவது மிகவும் நெருக்கினால் அதைச் சொல்லலாம் என்று இருந்தேன். அதுவும் போயிற்று.

டவுனுக்கு நடந்தேன். பாய் கடை அதே சந்தில் இருந்தது. பாயின் தாடி வெளுத்திருந்தது.

“வாங்க தம்பி! எவ்வளவு நாளாச்சு! ஊர்ல இல்லையா?”

“ஊர்லதான்.”

“அப்ப வேற கடை.” முகம் வாடிப்போயிற்று.

“இல்ல பாய். எங்கயுமே சாப்பிடல.”

நம்பவில்லை. இலையைப் போட்டார். பிரியாணியை அவரே அள்ளி வைத்தார். புதினா வாசனை. நெய் வாசனை. வாயில் எச்சில் ஊறியது. சரி, இந்தத் தடவை போய்விடும் என்று நினைத்தேன். வாயில் வைத்தேன். மென்றேன். அதே இடத்தில் நின்றது. யாரோ உள்ளே இருந்து கதவைச் சாத்தின மாதிரி.

பாய் பார்த்துக்கொண்டே நின்றார். “காரமா? குஸ்கா தரட்டுமா? துண்டு இல்லாம, சோறு மட்டும்?”

குஸ்காவும் கறி வெந்த சோறுதான். அதில் பாதி போயிற்று. பாதி போகவில்லை. இதைச் சாப்பிட்டதாகச் சொல்வதா, சாப்பிடவில்லை என்று சொல்வதா? மாமனார் கேட்டால் எதைச் சொல்வது?

பாய் குனிந்து மெதுவாகக் கேட்டார். “யாராச்சும் ஓதிக் குடுத்துட்டாங்களா தம்பி? தர்காவுக்கு ஒரு நடை போயிட்டு வாங்களேன்.”

திரும்பும் வழியில் பாலத்தடி டீக்கடையில் ஒருவன். கறுப்புச் சட்டைக்காரன். பழக்கமானவன். விஷயம் அவன் காதுக்கும் போயிருந்தது. “என்ன, ஐயங்கார் தோட்டத்துத் தண்ணி உனக்கு ஒத்துக்கிடுச்சு போல? அடுத்து நெத்தியில போடுவியா?” என்றான். டீயைக் குடித்தேன். காவிரியில் குளித்தேன். எதற்குக் குளித்தேன் என்றும் தெரியவில்லை. பாதி குஸ்காவுக்காக இருக்கலாம்.

புரட்டாசி

அதற்குள் புரட்டாசி வந்துவிட்டது. பெருமாள் மாதம். முசிறி வீட்டில் அந்த மாதம் முழுக்க மீன் கிடையாது. பிடிப்பார்கள், விற்பார்கள். வீட்டில் ஆக்க மாட்டார்கள். சனிக்கிழமை நாமம் போட்டு, தளிகை போட்டு, கோவிந்தா சொல்வார்கள்.

நான் மறுபடி மாமனாரைப் பார்க்கப் போனேன். அன்று சனிக்கிழமை. இலை போட்டார்கள். பருப்பு, வாழைக்காய் வறுவல், வடை. நானும் சாப்பிட்டேன், அவர்களும் சாப்பிட்டார்கள். ஒரே சாப்பாடு. ஆனால் அவர்கள் சாப்பிடாதது விரதம். நான் சாப்பிடாதது வியாதி.

“பாரு, இன்னிக்கு எப்படி எறங்குது” என்று வடிவேலு மாமியாரிடம் சொன்னான்.

நடந்ததை மாமனாரிடம் சொன்னேன். சாமி சாப்பிடச் சொன்னது, பாய் கடை, குஸ்கா எல்லாம். அவர் முகம் மாறியது. கோபம் குறைந்தது. அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது.

“ஐயரே சாப்பிடச் சொல்லியும் எறங்கலையா?” எல்லா மேல்சாதிக்காரரும் அவருக்கு ஐயர்தான்.

“எறங்கல.”

மாமியார் கதவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தார். முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தார்.

“அப்பிடின்னா இது மாப்ள செய்யறது இல்லீங்க. யாரோ மருந்து வெச்சுட்டாங்க.”

கூடத்தில் இருந்த எல்லாருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

மருந்து எடுத்தது

சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுத்துவிட்டால் அது வயிற்றில் கட்டிக்கொள்ளும் என்பார்கள். அப்புறம் ஆள் ஆளாக இருக்க மாட்டான். பெண்டாட்டி பிடிக்காது, சோறு பிடிக்காது. அதை வெளியே எடுக்க ஆட்கள் உண்டு. ஜீயபுரத்தில் ஓர் அம்மாள் கைராசிக்காரி. ஐப்பசி பிறந்ததும் அவளை வரவழைத்தார்கள். பரிசலில் ஆற்றைத் தாண்டி வந்தாள்.

என்னையும் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். முதல் பஸ் பிடித்துப் போனேன். ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மருந்துதான் என்றால் எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் அஞ்சலை வந்துவிடுவாள்.

கொல்லையில் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தாள். வயிற்றைப் பிசைந்து பார்த்தாள். விரல் இரும்பு மாதிரி இருந்தது.

“இருக்கு. நல்லா வேரு வுட்டுருக்கு.”

பச்சையாக ஒரு சாறு கொடுத்தாள். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. கொஞ்ச நேரத்தில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. புது மண்சட்டியில் பிடித்தாள். விரலை விட்டு அலசினாள். கறுப்பாக ஒரு கட்டியை எடுத்துக் காட்டினாள். சாம்பலும் மயிரும் உருட்டி வைத்த மாதிரி இருந்தது.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். முதல் நாள் ராத்திரி மோர் சாதம் சாப்பிட்டேன். அதில் கறுப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணால் பார்க்கிறேனே. அது என் வயிற்றில்தான் இருந்ததா? அவள் விரலிடுக்கில் இருந்ததா? இன்றைக்கும் தெரியாது.

“யாரு வெச்சது?” என்று வடிவேலு கேட்டான்.

அம்மாள் கட்டியை மோந்து பார்த்தாள். “பொம்பள. செவத்த பொம்பள. பூ வாசம் அடிக்குது.”

“பூந்தோட்டம்!” என்று வடிவேலு தொடையில் தட்டினான். “நான் அப்பவே சொன்னேன்ல?”

அவன் அப்படி எப்போதும் சொன்னதில்லை.

உள்ளேயிருந்து அஞ்சலை குரல் வந்தது. “அந்தத் தோட்டத்துல ஏதுங்க செவத்த பொம்பள? நான் இருந்தவதானே? ஒரு கெழவரும் ரெண்டு மாடும்தான் இருக்கு. அதுல ஒண்ணு செவலை.”

“நீ சும்மா இருடி” என்றார் மாமியார்.

கட்டியை ஆற்றில் விட்டார்கள். என்னை வெந்நீரில் குளிப்பாட்டினார்கள். புது வேட்டி கொடுத்தார்கள். மாமனார் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அதற்கு முன்பும் பின்பும் அவர் என் தோளில் கைபோட்டது இல்லை.

“இனிமே ஒண்ணும் இல்ல மாப்ள. எல்லாம் போச்சு. பசிக்கும் பாருங்க.”

பசித்தது. நிஜமாகவே பசித்தது.

மறுபடி இலை

தலைவாழை இலை. சூடாகச் சோறு. மறுபடியும் விரால். மறுபடியும் மாமனார் கரண்டியைப் பிடித்தார். மருந்தெடுத்த அம்மாள் தூணில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள். வடிவேலு எதிரே. பங்காளி வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர் ஓரமாக. தீர்த்துவிடத்தான் அவர்களை வரச் சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. சரியாகிவிட்டால் விருந்து, இல்லாவிட்டால் பேச்சு.

குழம்பை விட்டுச் சோற்றைப் பிசைந்தேன். துண்டைப் பிட்டேன். மனசுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். மீன் சாப்பிட வைக்கச் சொல்லிப் பெருமாளையும் கூப்பிட்டேன்.

வாயில் வைத்தேன். மென்றேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

போகவில்லை.

கண்ணைத் திறந்தேன். எல்லாரும் என் கழுத்தையே பார்த்தார்கள். வாயில் மீனோடு உட்கார்ந்திருந்தேன். துப்பவும் பயம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை. விக்கல் மாதிரி ஒன்று. கடைசியில் கையில் எடுத்து இலை ஓரத்தில் வைத்தேன்.

மருந்தெடுத்த அம்மாள், “இன்னொண்ணு இருக்கும் போல. அடியில” என்றாள்.

மாமனார் கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் போட்டார். அது ணங் என்றது.

“போதும். பெரியவங்க இருக்கீங்க. சொல்லுங்க” என்றார்.

பெரியவர்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

அடுக்களைக் கதவு திறந்தது. அஞ்சலை வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேரே என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எந்திரிங்க.”

எழுந்தேன்.

நான் எழுந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள். இலையைத் தன் பக்கம் இழுத்தாள். நான் பிசைந்து வைத்த சோற்றை அள்ளினாள். விராலைப் பிட்டு வைத்துச் சாப்பிட்டாள்.

புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி சாப்பிடுவது எங்கள் பக்கம் வழக்கம். ஆனால் ஆண்கள் எல்லாம் கைகழுவிப் போன பிறகு, அடுக்களையில். இப்படிப் பெரியவர்கள் முன்னால் கூடத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிட்டதில்லை.

“ஏண்டி, அத்தினி பேருக்கு முன்னால...” என்றார் மாமியார். குரல் எழும்பவில்லை.

“எம் புருசன் எலதானே? ஊரான் எலையா?” என்றாள் அஞ்சலை, வாயில் சோற்றோடு.

பெரியவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். தீர்க்க வேண்டிய பெண், யாரைத் தீர்க்க வேண்டுமோ அவன் இலையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கு மேல் என்ன பேசுவது? இன்னொருவர் தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் ஓரத்தில் வைத்த அந்தப் பாதி மென்ற துண்டையும் அவள் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கூச்சப்படவில்லை. நடுமுள்ளை உருவி இலைக்கு வெளியே வைத்தாள். விரலை நக்கினாள்.

சோறு தீர்ந்தது. அவள் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாமனார் சட்டிக்குள் கையை விட்டு, விழுந்த கரண்டியை எடுத்தார். இன்னொரு துண்டு எடுத்து அவள் இலையில் வைத்தார். அதுவும் நடுத்துண்டு.

“மெதுவாத் தின்னு” என்றார். “தொண்டையில மாட்டிக்கப் போவுது.”

அன்று சாயங்காலமே கிளம்பினோம். மாமியார் எனக்குத் தயிர்சோறு போட்டு அனுப்பினார். மாமனார் பஸ் வரை வந்தார். என்னோடு பேசவில்லை. டிரைவரிடம், “பாத்து ஓட்டுப்பா” என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அஞ்சலை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தோட்டத்தில் மீன் ஆக்க முடியாது. அது அவளுக்குத் தெரியும். எனக்கு இனிமேலும் இறங்காது. அதுவும் தெரியும். தெரிந்தும் வருகிறாள். இதற்காவது காரணம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

“எதுக்கு அப்படி வந்து உக்காந்த?”

அவள் என்னைப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

“பசிச்சுது” என்றாள்.